பன்னிரண்டு மணிக்குச் சாத்தும் ஊர்கள்

கேள்வி: நாங்கள் சேலத்தில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், நான்காம் வகுப்பு மகள், 70 வயது மாமியார். ஊட்டியும் கொடைக்கானலும் போய்ப் போய்ச் சலித்துவிட்டது. காலாண்டு விடுமுறையில் சொந்தக் காரில் ஆறு நாள் தெற்கே போகலாம் என்று திட்டம். பெரிய ஊர் எதுவும் வேண்டாம். வித்தியாசமான சின்னச் சின்ன ஊர்களாகப் பார்க்க ஆசை. 17 ஊர் கொண்ட பட்டியல் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஆறு நாளில் முடியுமா? மகன், "அங்கெல்லாம் என்ன இருக்கு?" என்று முகத்தைச் சுளிக்கிறான். மாமியாருக்கு முட்டி வலி. சாப்பாடு, கழிவறை இரண்டையும் நினைத்தால் கணவருக்குப் பயம். சரியான வழி சொல்லுங்கள்.
— சேலம் வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பட்டியலைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம், அப்புறம் கவலை. கூந்தன்குளமும் பத்தமடையும் ஒரே பட்டியலில் வருகிற குடும்பங்கள் என்னிடம் அதிகம் வருவதில்லை. ஆனால் ஆறு நாளில் 17 ஊர் என்றால் ஒரு நாளைக்கு மூன்று. தூரத்தைப் பார்த்தால் முடியும்தான். காரில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் முடியும். கடைசியில் உங்கள் மகனுக்கு நினைவில் நிற்கப்போவது ஏசி காற்று மட்டும்தான்.

குடும்பங்களுக்குப் பயணம் வகுத்துக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் தொழில். அதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது, சின்ன ஊரைப் பார்க்கத் தூரக் கணக்கு உதவாது, மணிக் கணக்குதான் உதவும் என்பது. இந்த ஊர்கள் காலை ஆறுக்குத் திறந்து, மதியம் பன்னிரண்டுக்குச் சாத்தி, மாலை நான்கு நாலரைக்கு மறுபடி திறக்கும். கோயில் மட்டுமில்லை, பட்டறை, கடைத்தெரு, திண்ணை எல்லாமே அப்படித்தான். நகரத்து ஆட்கள் எட்டரைக்கு எழுந்து, பொங்கல் வடை சாப்பிட்டு, பத்தரைக்குக் கிளம்பி, சரியாகப் பன்னிரண்டரைக்குப் போய் இறங்குவார்கள். என் குடும்பத்தையே அப்படி ஒரு கோயில் வாசலில் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்திருக்கிறேன். திட்டம் போட்டவன் நான். அன்று என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது.

அதனால் ஒவ்வொரு நாளையும் மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடிந்ததிலிருந்து பதினொன்றரை வரை ஒரு ஊர். மதியத்துக்கு அருங்காட்சியகம், நினைவில்லம், சாப்பாடு, தூக்கம், இல்லாவிட்டால் கார் ஓட்டம். நான்கு மணிக்கு மேல் இன்னொரு ஊர். இருட்டினால் வண்டியை எடுக்காதீர்கள். கிராமத்துச் சாலையில் விளக்கில்லாத டிராக்டர் முன்னால் போவது பத்தடி தூரத்தில்தான் தெரியும்.

இந்தக் கணக்கில் உங்கள் பட்டியலில் பாதியை வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூந்தன்குளத்தில் பறவைக் கூட்டம் பார்க்க டிசம்பருக்கு மேல் போக வேண்டும். செப்டம்பர் கடைசியில் போனால் குளத்தைத்தான் பார்ப்பீர்கள். குற்றாலச் சீசனும் அதற்குள் முடிந்துவிடும். பத்தமடை கோரைப்பாயை விட மனமே இல்லை. ஆனால் தாமிரபரணிக் கரை ஊர்களை ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. பத்தமடை, கல்லிடைக்குறிச்சி, திருப்புடைமருதூர் மூன்றையும் அரையாண்டு விடுமுறைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நெடுஞ்சாலை பேக்கரியிலேயே கிடைக்கும் என்று நான் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் இந்தத் தடவை அதுவும் வேண்டாம்.

சரி, வழிக்கு வருவோம்.

முதல் நாள் காலை ஆறரைக்குச் சேலத்தை விட்டால் நாமக்கல், முசிறி, திருச்சி வழியாகப் பதினொரு மணி வாக்கில் புதுக்கோட்டை வந்துவிடலாம். மதிய நேரத்தை அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் கழியுங்கள். மாநிலத்திலேயே சென்னைக்கு அடுத்த பெரிய அருங்காட்சியகம் அதுதான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கிளம்பும் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுத் திருமயம் சாலையில் போனால் நமணசமுத்திரம் வரும். அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரைகள் வரிசையாக நிற்கும் ஊர். சில குதிரைகள் ஆள் உயரத்தைத் தாண்டும். பழையவை கால் உடைந்து, காது உதிர்ந்து, செடிக்குள் சாய்ந்து கிடக்கும். உடைந்ததை ஒட்டவைக்க மாட்டார்கள், எடுத்து எறியவும் மாட்டார்கள். புதுக் குதிரை வரும், பழையது மண்ணோடு போகும். ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். வேண்டாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நேர்த்திக்கடன். செருப்பையும் காரிலேயே விட்டுவிடுங்கள்.

திருமயத்துக்கு நான்கு மணிக்கு வந்தால் போதும். பாறைக்கு வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். கோட்டை 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. பாதி ஏற்றத்தில் பாறையைக் குடைந்து ஒரு சின்ன அறை. இரும்பு ஏணியில் ஏறினால் உள்ளே சிவலிங்கம். மகனை அங்கே அனுப்புங்கள். மாமியாருக்குக் கோட்டை வேண்டாம், கீழேயே இரண்டு குகைக் கோயில்கள் இருக்கின்றன. ஒரே பாறையில் பெருமாளும் சிவனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு கோயில்களுக்கும் வருமானப் பங்கில் தகராறு முற்றி, பஞ்சாயத்து வைத்து, நடுவில் சுவர் எழுப்பச் சொல்லித் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு அங்கேயே கல்வெட்டாக இருக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பார்த்த எவருக்கும் இந்தக் கதை பிடிக்கும். கோட்டையை விட்டுக் கிளம்பும்போது மதிலை ஒட்டி இருக்கும் பைரவர் சந்நிதியில் ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள். அந்தச் சாலையில் போகும் லாரிக்காரர்களெல்லாம் நிறுத்தும் இடம், நீங்களும் ஆறு நாள் ஓட்ட வேண்டும்.

முதல் இரண்டு இரவும் காரைக்குடியில் தங்குங்கள். கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீடுகளையே விடுதியாக்கியிருக்கிறார்கள். அழகுதான், வாடகையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஐந்து பேருக்கு இரண்டு அறை என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜில் தங்கி, மிச்சமாகும் பணத்தில் ஒரே ஒரு மதியச் சாப்பாட்டை அப்படி ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் சாப்பிடலாம்.

இரண்டாம் நாள் காலை வேறெங்கும் போகாமல் நேராக ஆத்தங்குடிக்குப் போங்கள். உங்கள் மகள் இந்தப் பயணத்தில் மறக்க மாட்டாள் என்று நான் பந்தயம் கட்டும் இடம் இதுதான். தரைக்கல் செய்கிற பட்டறைகள் ஊரில் நிறைய. ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு, அதன் மேல் பூ வடிவில் தடுப்புத் தடுப்பாகப் பிரித்த உலோக அச்சு. பட்டறைக்காரர் சின்னக் கரண்டியில் சிவப்புக் கரைசலை மொண்டு ஒரு இதழில் விடுவார், பச்சையை இலையில், மஞ்சளை நடுவில். சிந்தாது, சிதறாது, அவர் உங்களோடு பேசிக்கொண்டே ஊற்றுவார். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்குவார். அந்த ஒரு விநாடியில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று நமக்குப் பதறும். கலக்காது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் கலவை அப்பி, காய வைத்து, தொட்டித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊற வைக்கிறார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் ஏறியிருக்கும். அதனால்தான் நூறு வருடத்து வீட்டுத் தரையும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காது. மழை மூட்டமான நாளிலும் மந்தம்தான். நான்கைந்து கல் வாங்கினால் பூஜை அறை வாசலுக்கு ஆகும். வாங்குவதானால் காரின் பின்னால் அடியில் வையுங்கள், கனம் அதிகம்.

அங்கிருந்து கானாடுகாத்தான் பக்கம்தான். தெருவில் நடந்தாலே போதும் என்பது என் கட்சி. ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்கள். இவ்வளவு பெரிய வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேருக்குப் பாத்தியப்பட்டது. கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால்தான் கூடுவார்கள். சில வீடுகளில் காவலாளிக்குச் சிறு கட்டணம் கொடுத்தால் முன்கட்டைப் பார்க்கலாம். 1912இல் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தாலும் நிறைவுதான்.

இங்கேதான் உங்கள் மாமியார் உதவுவார். அவருடைய முட்டியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அவரை வைத்து என்னவெல்லாம் ஆகும் என்று எழுதவில்லை. நான் அனுப்பிய ஒரு குடும்பத்தில் பாட்டி ஒருவர் இப்படித்தான் நடக்க முடியாமல் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு ஆச்சி தண்ணீர் கொண்டுவந்தார். எந்த ஊர், என்ன ஏது என்று பேச்சு தொடங்கி, அரைமணியில் மொத்தக் குடும்பமும் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவனுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே மாமியாரைக் காரில் விட்டுவிட்டு ஓடாதீர்கள். இறங்கும் இடத்தில் நிழலான திண்ணையாகப் பார்த்து உட்கார வையுங்கள், போதும்.

அன்று மதியம் தூங்குங்கள். மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. இடித்த வீடுகளின் கதவு, நிலை, பழைய எனாமல் பாத்திரம், சாமி படம், சாவி, அஞ்சறைப்பெட்டி என்று குவித்திருக்கும் கடைகள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, பேரம் பேசி ஒரு பொருள் வாங்கி வரச் சொல்லுங்கள். முதலில் சொல்லும் விலையை மகன் அப்படியே கொடுத்துவிடுவான். மகள் மாட்டாள் என்பது என் ஊகம்.

மூன்றாம் நாள்தான் பலரும் தப்பு செய்வார்கள். கூகுள் மேப்பைப் போட்டால் மதுரைக்குப் போய் நான்குவழிச் சாலையைப் பிடி என்று சொல்லும். கேட்காதீர்கள். சிவகங்கை, மானாமதுரை, திருச்சுழி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் போங்கள். நின்று நிதானித்துப் போனாலும் நான்கைந்து மணி நேரம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, இடையிடையே கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். அழகான சாலை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் தெற்கத்தி வறட்சி என்றால் என்ன என்று காட்டுகிற சாலை. குறுக்கு வழி என்று மேப் காட்டும் சந்துகளில் மட்டும் திரும்பாதீர்கள். ஒருமுறை அது என்னைக் கண்மாய்க்கரை மேல் கொண்டுபோய் நிறுத்தியது. எதிரே ஆடுகள், திருப்ப இடமில்லை, ஒரு கிலோமீட்டர் பின்னாலேயே வந்தேன். ஆடு மேய்த்த பெரியவர் கைகாட்டிக்கொண்டே கூட நடந்து வந்தார்.

மானாமதுரையில் காலையில் நிற்க வேண்டும். கச்சேரிகளில் வாசிக்கிற கடம் இங்கேதான் செய்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. சமையல் பானையைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் கடத்தைத் தட்டிப் பாருங்கள். கடம் கனமாக இருக்கும். ஈரமாக இருக்கும்போதே உள்ளே ஒரு கை கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, சுவர் முழுக்க ஒரே பருமனாகக் கொண்டுவருகிறார்கள். அதற்குள்ளேதான் சுருதி இருக்கிறது. மகனுக்கு இசையில் ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், செய்கிறவரிடமே கேள்வி கேட்கலாம். நாலு பேர் வேலையை நிறுத்திப் பேச வேண்டியிருப்பதால் ஒரு அகல்விளக்கு டஜனாவது வாங்கிவிட்டு வருவதுதான் மரியாதை.

மதியத்துக்கு எட்டயபுரம். ஒரு தெருவுக்குள் பாரதி 1882இல் பிறந்த வீடு. அந்த ஊரிலேயே கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் தர்கா. ஒரு ஜமீன் இருந்த ஊர் என்பதால் புலவர்களும் வித்துவான்களும் இப்படி வந்து தங்கினார்கள். ஆனால் ஊரைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீக்கடை, வெயில், வேறொன்றுமில்லாத மாதிரி தெரியும். இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளைப் பிடித்து வைக்காதீர்கள்.

இரவுக்குக் கோவில்பட்டி. அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு நான்கு மணிக்குக் கழுகுமலைக்குக் கிளம்புங்கள், 22 கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் முருகன் குகைக்கோயில், மாமியார் அங்கே. நீங்கள் நால்வரும் மேலே வெட்டுவான் கோயிலுக்கு. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையைச் சுற்றிலும் அகழி மாதிரி வெட்டி, நடுவில் மிஞ்சிய பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியவில்லை. அந்த முடியாத இடத்தைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உளி எங்கே நின்றது என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு அப்பன்–மகன் சிற்பி கதை உண்டு. மகன் தன்னை மிஞ்சிவிட்டான் என்று அப்பன் சம்மட்டியால் அடித்துவிட்டானாம். ஒன்பதாம் வகுப்புப் பையனோடு இந்தக் கதையைக் கேட்பது ஒரு தினுசுதான். விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இருக்கிறார், தேடச் சொல்லுங்கள். பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம்.

தின்பண்டம் என்றதும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயை அன்று இரவே வாங்காதீர்கள். காலையில் செய்கிற இடத்துக்குப் போய் இளஞ்சூட்டில் வாங்குங்கள். வெல்லப்பாகு பதம் வந்ததா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் போட்டு, உருளையால் தேய்த்து, ஆறுவதற்குள் கோடு போட்டுவிட வேண்டும். எல்லாம் ஓட்டமாக நடக்கும். ஆறிப்போன மிட்டாயைச் சேலத்திலேயே வாங்கலாமே.

நான்காம் நாள் தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். தூத்துக்குடி உங்கள் கணக்கில் பெரிய ஊர். பனிமய மாதா கோயிலையும் அரைக்கிலோ மக்ரூனையும் முடித்துக்கொண்டு நகருங்கள். உப்பளம் சாலையோரமே தெரியும். மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களுக்குப் பனையோலைக் கூரை போட்டிருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் குடிசை வரிசை மாதிரி இருக்கும். மாலைக்கு மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், இன்னொரு பக்கம் அசையாத கழிமுகத் தண்ணீர். புனித சவேரியார் தங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் நான் அங்கே பேசுவதில்லை. அலைப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம், இழுவை அதிகம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. காலாண்டு விடுமுறையும் நவராத்திரியும் பல வருடங்களில் ஒட்டியே வரும். அப்படி வந்தால் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையே இருக்கும் குலசேகரன்பட்டினத்தில் (சுருக்கமாகக் குலசை) முத்தாரம்மன் தசரா நடக்கும். விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் காளி, குரங்கு, ராஜா, குறவன், போலீஸ் என்று வேஷம் போட்டுக்கொண்டு, மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிவருவார்கள். டீக்கடையில் காளியம்மன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். முடிவதற்கு மூன்று நான்கு நாள் முன்னால் போனால் இதையெல்லாம் நிம்மதியாகப் பார்க்கலாம். கடைசி நாள் சூரசம்ஹாரத்தன்று மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். லட்சக்கணக்கில் கூட்டம், கார் நுழையாது, மாமியாரோடு சாத்தியமே இல்லை. திருச்செந்தூரில் அறையும் அந்த வாரத்தில் கிடைக்காது, இப்போதே சொல்லிவையுங்கள். கிடைக்காவிட்டால் தூத்துக்குடியில் தங்கிப் போய் வரலாம்.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்: காளி வேஷம் போடுகிற அதே குலசையில்தான் இஸ்ரோ தன் அடுத்த ராக்கெட் ஏவுதளத்தை அமைக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேல் பறக்காமல் இருக்க ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து ஏவினால் நேராகத் தெற்கே கடல்தான். உலக வரைபடத்தைக் கையில் கொடுத்து, ஏன் இந்த ஊர் என்று அவனையே கண்டுபிடிக்க விடுங்கள். "அங்கெல்லாம் என்ன இருக்கு?" என்பதற்கு நாம் பேசுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் தேரிக்காடு. தமிழ்நாட்டில் பாலைவனமா என்று கேட்பார்கள். செக்கச்செவேலென்று மணல்மேடு, இரும்புச்சத்து ஏறிய சிவப்பு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடக்கலாம். எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் மணல் சுடும். காரை மணலில் இறக்கிப் பார்க்கும் ஆசை கணவருக்கு வந்தால் தடுத்துவிடுங்கள், டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அதே செம்மண் நடுவில் சுனையும் மரமுமாக இருக்கும். மாமியாருக்கு அது பிடிக்கும். உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். பதநீர் கேட்காதீர்கள், அது கோடையில்தான். இந்த மாதத்தில் யாராவது பதநீர் என்று விற்றால் எனக்குச் சந்தேகம்தான். அங்கிருந்து திருநெல்வேலி, வழியில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள். பன்னிரண்டுக்குள் போக முடியாவிட்டால் விட்டுவிட்டு, அறையில் ஓய்வெடுத்து மாலை வாருங்கள். ஆறாம் நாள் நான்குவழிச் சாலையிலேயே மதுரை, திண்டுக்கல், கரூர் வழியாகச் சேலம், 400 கிலோமீட்டருக்குள். அன்று எந்த ஊரையும் பார்க்க வேண்டாம்.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். இந்த ஊர்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான். மூன்று மணிக்குப் போனால் தண்ணீர் மட்டும்தான் வைப்பார்கள். நான்கு மணிக்கு டீயும் வடையும், ஆறரைக்கு மேல் புரோட்டா. மாமியாருக்கு இரவில் இட்லி கிடைக்கும், கவலையில்லை. எந்தக் கடை என்று குழம்பினால் உள்ளூர் ஆட்டோக்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கழிவறைக்கு ஒரே வழி, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் போய்விடுவது. காலையில் அறையில், பதினொரு மணிக்குப் பெட்ரோல் பங்கில், சாப்பிடும் ஓட்டலில். மூன்றாம் நாள் சாலையில் மானாமதுரை, அருப்புக்கோட்டை இரண்டு இடத்திலும் கண்டிப்பாக நிறுத்துங்கள். அறை எடுக்கும்போது மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா, லிஃப்ட் இல்லையென்றால் தரைத்தளம் கிடைக்குமா என்று போனிலேயே கேளுங்கள். "இருக்கும்மா" என்றால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

காரில் முன் சீட்டை மாமியாருக்குக் கொடுங்கள். கால் நீட்ட இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வழியில் வெள்ளரிக்காய் விற்பதையும் தேரோட்டத்தையும் முதலில் பார்ப்பது அவர்தான். நிறுத்து என்று அவர் சொன்னால் நிறுத்துங்கள்.